வெப்சைட் கமிஷன் வேலை: எந்தக் கம்பெனியைப் பரிந்துரை செய்யலாம்?



இலஞ்சி, மேலகரம், குற்றாலம் பக்கத்துக் குழுக்களில் சமீபமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "எம் மக பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடிச்சிட்டு வீட்டுல இருக்கா. வெப்ஹோஸ்டிங் கம்பெனிக்கு ஆள் சேத்துவிட்டா, ஒரு ஆளுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம்னு கமிஷன் தாராங்களாம். சேரலாமா? எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்கிறார்கள். ஒரு குழுவில் இதற்காக உள்கடன் வேண்டும் என்று தீர்மானப் புத்தகம் வரை பேச்சு போய்விட்டது. குழுப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் ஆகிவிட்டதால், இந்த இதழில் கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடலாம்.

குற்றாலத்தில் சீசன் கடை போட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கடை என்றால் பெயர்ப்பலகை வேணும், இடம் வேணும், சரக்கு வேணும். வெப்சைட்டும் அப்படித்தான். பெயர்ப்பலகைக்கு டொமைன் என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சரக்கு என்பது நாம் போடும் படங்களும் விவரங்களும். இவை இருப்பதற்கு இராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டரில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வாடகைக்கு விடுவதுதான் வெப்ஹோஸ்டிங். வாடகை கட்டாவிட்டால் கடை மூடிவிடும்.

இந்த வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கம்பெனி கொடுக்கும் தரகுதான் அஃபிலியேட் கமிஷன். உங்கள் மகளுக்கென்று தனி எண் உள்ள ஒரு லிங்க் கொடுப்பார்கள். அதைத் தொட்டு உள்ளே போகிறவர் இடம் வாங்கினால் கமிஷன் அவள் கணக்கில் ஏறும். இன்றைக்குப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வாங்கினால்? அதைக் கம்பெனி எத்தனை நாள் ஞாபகம் வைத்திருக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோஸ்டிங் கம்பெனிகளில் 30 நாள், 90 நாள் என்று உண்டு. பொருள் விற்கும் அமேசானில் பொதுவாக 24 மணி நேரம்தான்.

இது ஒன்றும் புது மாதிரி வேலை இல்லை. நம்ம ஊர் அஞ்சலக ஆர்.டி. ஏஜென்ட் அக்காவைப் பாருங்கள். வசூலிக்கும் பணத்துக்கு 4 சதவீதம் கமிஷன். வாடிக்கையாளர் மாதாமாதம் கட்டக் கட்ட அவருக்கும் மாதாமாதம் வரும். ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் ஒரு ஆளுக்கு ஒரே தடவைதான். அடுத்த மாதம் அடுத்த ஆளைத் தேட வேண்டும். சில கம்பெனிகள் புதுப்பிக்கும்போதும் ஒரு பங்கு தருகின்றன. தொகை சின்னதாக இருந்தாலும் அதுதான் மேல் என்பது என் எண்ணம்.

முதலில் பார்க்க வேண்டியது: சேருவதற்குப் பணம் கேட்கிறார்களா? உண்மையான ஹோஸ்டிங் கம்பெனியின் அஃபிலியேட் திட்டத்தில் சேர ஒரு பைசா வேண்டாம். ஆகவே உள்கடனுக்கு வேலையே இல்லை. "ரெஜிஸ்ட்ரேஷன்", "ட்ரெயினிங் கிட்", "ஐ.டி. ஆக்டிவேஷன்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2000-களின் தொடக்கத்தில் ஆந்திராவின் நல்கொண்டா பகுதியில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி "சக்தி" என்ற திட்டத்தைத் தொடங்கி, நம்மைப் போன்ற குழுப் பெண்களைச் சோப்பு, ஷாம்பு விற்க வைத்தது. அவர்கள் பணம் போட்டுச் சரக்கு எடுத்தார்கள். போட்ட பணத்துக்கு வீட்டில் சோப்பாவது இருந்தது. ஆனால் 2011-ல் ஸ்பீக் ஏஷியா என்ற கம்பெனியில், இன்டர்நெட்டில் சர்வே நிரப்பினால் காசு வரும் என்று நம்பி வருஷத்துக்கு 11,000 ரூபாய் கட்டியவர்கள் நாடு முழுக்க லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆள் சேர்த்தால் கூடுதல் காசு என்றார்கள். அந்த வருஷமே பணம் வருவது நின்றுபோனது. கையில் சோப்புகூட மிஞ்சவில்லை. பொருளை விற்று வரும் கமிஷன் வேறு, ஆளைச் சேர்த்து வரும் கமிஷன் வேறு. ஆள் சேர்ப்புச் சங்கிலியை 1978-ஆம் ஆண்டுப் பணச்சுழற்சித் தடைச் சட்டமும், 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் தடை செய்கின்றன. சேர்த்துவிட்டவர் மேலும் வழக்கு வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

சரி, பணம் கேட்கவில்லை, நல்ல கம்பெனிதான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததாக எல்லோரும் பார்ப்பது கமிஷன் தொகையை. நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். முதலில், நம் லிங்க் மூலம் வாங்குகிறவர் எவ்வளவு கட்டுவார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு உதாரணம். விளம்பரத்தில் "மாதம் 150 ரூபாய் மட்டும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில், நான்கு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் இந்த விலை என்று இருக்கும். 48 மாதத்துக்கு 7,200 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அது 1,296. ஆக ஒரே தடவையில் 8,496 ரூபாய். அதோடு முடியவில்லை. நான்கு வருஷம் கழித்துப் புதுப்பிக்கும்போது மாதம் 400 ரூபாய் என்று வைத்திருப்பார்கள். அப்போது ஒரு வருஷத்துக்கு மட்டும் வரியோடு 5,664 ரூபாய்! கமிஷன் ஏன் இத்தனை தாராளமாக வருகிறது என்று இப்போது புரிகிறதா? பல வருஷ வாடகையை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள், அதில் ஒரு பங்கைத்தான் தருகிறார்கள். வாங்குகிறவர் யார்? உங்க தெருவில் மசாலாப் பொடி அரைக்கிற மைனியாக இருக்கலாம், காட்டேஜ் வைத்திருக்கிற அண்ணாச்சியாக இருக்கலாம். "மாசம் நூத்தம்பதுன்னுதான சொன்ன?" என்று அவர் கேட்பது கம்பெனியை அல்ல, உங்கள் மகளை.

அதனால் புதுப்பிக்கும் விலையை முதலிலேயே வெளிப்படையாகக் காட்டுகிற கம்பெனி, ஒரு வருஷத்துக்கு மட்டும் கட்ட விடுகிற கம்பெனி, யு.பி.ஐ.யில் ரூபாயாக வாங்கிக்கொள்கிற கம்பெனி, கோளாறு வந்தால் போனில் ஆள் கிடைக்கிற கம்பெனி, இப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கமிஷன் ஐந்நூறு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

கம்பெனிப் பெயர்களைக் கண்டும் ஏமாறக் கூடாது. புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், ஜஸ்ட்ஹோஸ்ட், ஹோஸ்ட்மான்ஸ்டர் என்று நான்கு பெயர், நான்கு விலைப்பட்டியல் இருந்தன. ஆனால் நான்குக்கும் ஒரே முதலாளியாக, 2021 வரை, எண்டூரன்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இருந்தது. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த அவர்களது மையத்தில் கோளாறு ஏற்பட்டபோது, நான்கு பெயரிலும் வாங்கியவர்களின் வெப்சைட்டுகள் ஒன்றாக நின்றுபோயின. நம் நாட்டில் பெயர் பெற்ற பிக்ராக்கும் 2014-ல் அதே கையில் போய்ச் சேர்ந்தது. "இது சரியில்லன்னா அதுக்கு மாத்திக்கலாம்" என்று பரிந்துரைக்கும் முன் முதலாளி யார் என்று பாருங்கள்.

பணம் எப்போது, எப்படிக் கைக்கு வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கியவர் பிடிக்காமல் திருப்பிக் கொடுக்க 30 நாள் போல அவகாசம் உண்டு. அது கழிந்த பிறகுதான் கமிஷன் உறுதியாகும். இரண்டு மாதம் காத்திருக்க நேரிடலாம். சில கம்பெனிகள் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்பும். இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு மூன்றாவது ஆள் கிடைக்காமல் போனால், அந்தக் காசு அங்கேயே கிடக்கும். வெளிநாட்டுக் கம்பெனிகள் சில பேபால் வழியாக மட்டுமே அனுப்புகின்றன. சொந்த லிங்க்கில் நாமே வாங்கினால் பெரும்பாலும் கமிஷன் கிடையாது. கமிஷன் வீதத்தைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். அமேசான் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைத்தது. இந்த வருமானத்தை நம்பித் தவணையில் எதுவும் வாங்க வேண்டாம்.

நம்ம பகுதியில் இதற்கு ஆள் கிடைப்பார்களா என்றால், கிடைப்பார்கள், ஆனால் அளவாக. கூகுள் சின்னக் கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. சாரல் சீசனுக்கு அறை விடுகிறவர்கள், தேன், மிளகு, மசாலாவை வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் போன்றோருக்குச் சொந்தமாக ஒரு பக்கம் இருந்தால் உதவும். இட்லிக் கடைக்கு எதற்கு ஹோஸ்டிங்? கூகுள் மேப்பில் கடையைப் பதியவும், வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல் போடவும் இன்றைக்கும் காசு கிடையாது. அதை உங்கள் மகளே செய்து கொடுத்துவிட்டு, செய்த வேலைக்கு நேராகக் கூலி வாங்கிக்கொள்ளலாம். கமிஷனைவிட அது உடனே கைக்கு வரும் காசு.

"மத்தளம்பாறையிலயே சோஹோ இருக்கே, அதுல கமிஷன் உண்டா?" என்றும் கேட்டார்கள். உண்டு. சோஹோவுக்கும் அஃபிலியேட் திட்டம் இருக்கிறது, வெப்சைட் அமைக்கும் வசதியும் இருக்கிறது. பக்கத்து ஊர் என்பது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் மேலே சொன்ன கேள்விகள் அதற்கும் பொருந்தும். கமிஷன் விதிகளை அன்றைய தேதிக்கு அவர்கள் தளத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனியானாலும், முதலில் குழுவின் சொந்தப் பொருளுக்கு அதில் ஒரு பக்கம் தொடங்கி, ஒரு வருஷம் நடத்திப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குச் சொல்வது நல்லது. ஒரே சமயத்தில் நாலு கம்பெனி லிங்க்கைப் பரப்ப வேண்டாம்.

லிங்க் அனுப்பும்போது, "நீங்க இதுல வாங்கினா எனக்குக் கமிஷன் வரும்" என்று ஒரு வரி சேர்த்துவிடச் சொல்லுங்கள். 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விளம்பர நெறிமுறைகளும், பொருளைப் பரிந்துரைப்பவர் தன் ஆதாயத்தைச் சொல்ல வேண்டும் என்றே கூறுகின்றன.

கடைசியாக வங்கிக் கணக்கு. கமிஷன் வரும் கணக்கும் பான் கார்டும் வேலை செய்கிற பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். அண்ணன் கணக்கில் போட்டு அப்புறம் வாங்கிக்கலாம் என்று விட வேண்டாம். அதேபோல, "உங்க அக்கவுண்டை மட்டும் குடுங்க, அதுல வர்ற பணத்துக்குக் கமிஷன் தாரோம்" என்று யார் வந்தாலும் கொடுக்கக் கூடாது. அது மோசடிப் பணத்தைக் கைமாற்றும் வழி. கணக்கு முடங்குவதோடு போலீஸ் விசாரணையும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள். பொருளில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. சேரும் முன் கம்பெனியின் விதிமுறைகளை அச்செடுத்து அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், உட்கார்ந்து சேர்ந்தே படித்துப் பார்க்கலாம்.