சேற்றில் கிடைத்த முகங்கள்

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியது. இடிபாடுகளை அகற்றச் சென்றவர்கள், சேற்றில் புதைந்திருந்த குடும்ப ஆல்பங்களைக் கண்டனர். அவற்றைக் குப்பையில் எறிய அவர்களுக்கு மனம் வரவில்லை.

நிழற்படத் தாளின்மேல் ஜெலட்டின் என்னும் மெல்லிய படலம் உண்டு. உருவம் பதிந்திருப்பது அதில்தான். சேற்றிலுள்ள பாக்டீரியா அப்படலத்தை அரித்துவிடும். ஓரத்தில் தொடங்கும் அரிப்பு மெல்ல முகங்களையும் அழித்துவிடும். ஆகவே, தொண்டூழியர்கள் ஒவ்வொரு படத்தையும் நீரிலிட்டு, மென்மையான தூரிகையால் கழுவி, துணி காயப்போடுவதுபோல் கயிற்றில் தொங்கவிட்டனர். வீட்டு அச்சுப்பொறியில் அச்சிட்ட படங்கள்தாம் அவர்களைத் திணறடித்தன. நீர் பட்டால் மை கரைந்துவிடுமே! யாமாமோத்தோ என்னும் சிற்றூரில் மட்டும் 700,000க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன.

கழுவிய படங்கள் பொது மண்டபங்களில் பார்வைக்கு வைக்கப்பட்டன. உறவினரைப் பறிகொடுத்தோர் அங்கு வந்து தேடினர். இறுதிச் சடங்கில் வைப்பதற்கு ஒரு படமாவது கிடைக்காதா என்று ஏங்கியவர்களும் அவர்களுள் இருந்தனர். கைப்பேசியிலும் கணினியிலும் மட்டுமே இருந்த படங்கள் அக்கருவிகளோடு போய்விட்டன. நனைந்து நிறம் மங்கிய தாள்களிலோ முகங்கள் எஞ்சியிருந்தன. படத்திற்கு உரியவர் வர இயலாதபோதும், அவ்வழியே வந்த அண்டை வீட்டார் பார்த்து, “இது இன்னார் வீட்டுத் திருமணம்” என்று அடையாளம் சொல்ல முடிந்தது.