ரோமாபுரியில் நாலு பேர்

"இப்படிச் செய்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று உங்கள் வீட்டில் யாராவது ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். அந்த நாலு பேர் யார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று என்றைக்காவது விசாரித்ததுண்டா?

மகாகவி ஷேக்ஸ்பியர் விசாரித்திருக்கிறார். விசாரித்ததோடு, 'ஜூலியஸ் ஸீஸர்' நாடகத்தில் அவர்களை மேடையிலேயே கொண்டு வந்து நிறுத்தி விட்டார். 1623-இல் அந்த நாடகம் முதன்முதலாக அச்சானபோது, கடைத்தெருக் கூட்டத்தில் பேசுகிறவர்களுக்குப் பெயரே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்கள்தாம். எண்ணி நாலே பேர்! ரோமாபுரியின் பொதுஜன அபிப்பிராயம் என்பது இவர்கள்தான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததே. கி.மு. 44-ஆம் வருஷம் மார்ச் 15-ஆம் தேதி ஸீஸரைச் சதிகாரர்கள் சூழ்ந்துகொண்டு குத்திக் கொன்றார்கள். அவர்களில் ஒருவன் ஸீஸர் மிகவும் நேசித்த புரூட்டஸ். மற்றவர்களில் பலருக்குப் பொறாமை. இவனுக்கோ அப்படி ஒன்றுமில்லை. ஸீஸர் முடி சூடிக்கொண்டால் குடியரசு போய்விடுமே என்ற ஒரே கவலைதான். சிநேக விசுவாசம் ஒரு பக்கம், தேச விசுவாசம் ஒரு பக்கம். நடுவில் தூக்கமில்லாத ஒரு மனிதன்.

அந்த மனிதன் எப்படி விழுந்தான் என்பதைக் கவனியுங்கள்.

இரவில், விளக்கேற்றப் போன வேலைக்காரப் பையன் ஜன்னலருகே ஒரு காகிதத்தைக் கண்டெடுத்துக் கொண்டு வருகிறான். கையெழுத்தில்லாத கடிதம். 'புரூட்டஸ், தூங்குகிறாயே, விழித்துக்கொள்' என்கிற பாவனையில் எழுதியிருக்கிறது. ரோமாபுரியே தன்னைக் கூப்பிடுகிறது என்று புரூட்டஸ் நம்பி விடுகிறான். ஏற்கெனவே ஸீஸருக்கு எதிராகச் சாய்ந்திருந்த மனம் உறுதிப்பட்டு விடுகிறது.

ரோமாபுரியாவது, கூப்பிடுவதாவது! அந்தக் கடிதங்களெல்லாம் காஸியஸ் என்ற ஒரே ஆசாமியின் வேலை. பல பேர் எழுதியதுபோல் விதவிதமான கையெழுத்தில் தயாரித்து, சின்னா என்ற கூட்டாளியிடம் கொடுத்துப் போடச் சொல்கிறான். புரூட்டஸ் கேட்டது ஊர்க்குரல் அல்ல. ஒரு மனிதன் நாலு குரலில் பேசிய பேச்சு!

அதே இரவில் உண்மையான ஒரு குரலும் அவனுக்குக் கேட்கிறது. மனைவி போர்ஷியா. "சாப்பாடில்லை, தூக்கமில்லை, மனசில் என்ன இருக்கிறது? சொல்லக்கூடாதா?" என்று முழந்தாளிட்டு மன்றாடுகிறாள். ரகசியம் காக்கும் திடம் தனக்கு உண்டு என்று காட்டத் தன் தொடையையே கத்தியால் கீறிக்கொண்டவள் அவள். புரூட்டஸ் உருகுகிறான். அப்புறம் சொல்கிறேன் என்கிறான். ஆனால் அதற்குள் தீர்மானம் ஆகிவிட்டது. சதிகாரர்களுக்கு வாக்கும் கொடுத்தாகி விட்டது. பெயரில்லாத கடிதத்துக்குச் செவி சாய்த்தவன், பெயரும் முகமும் உள்ள மனைவியிடம் முன்னதாக ஒரு வார்த்தை கேட்கவில்லை!

கொலை முடிந்ததும் நாலு பேர் மேடைக்கு வருகிறார்கள். புரூட்டஸ் காரணங்களை எடுத்துச் சொல்கிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஒருவன் உற்சாகத்தில், இவனையே ஸீஸராக்கி விடலாம் என்கிறான்! இனி ஒரு ஸீஸர் கூடாது என்பதற்காகத்தானே கொலையே நடந்தது?

பிறகு ஆண்டனி வருகிறான். ஸீஸரிடம் அவன் வைத்திருந்த விசுவாசம் பொய்யல்ல. யாருமில்லாதபோது பிரேதத்தருகே நின்று கதறியவன்தான். ஆனால் மேடையில் அந்தத் துக்கமே அவனுக்கு ஆயுதமாகிறது. ஸீஸரின் உயிலை எடுத்துக் காட்டுகிறான். உடனே படிக்காமல் ஆவலைத் தூண்டுகிறான். கடைசியில் படிக்கிறான்: பிரஜை ஒவ்வொருவருக்கும் 75 டிராக்மா, நதிக்கரைத் தோட்டங்கள் ஜனங்களுக்கே. அவ்வளவுதான். சற்றுமுன் புரூட்டஸுக்கு ஜே போட்டவர்கள் அவன் வீட்டைக் கொளுத்தக் கொள்ளிக்கட்டை தேடுகிறார்கள்.

வழியில் ஒரு சாதுவான கவிஞன் அகப்படுகிறான். பெயர் சின்னா. கடிதம் போட்ட அதே பெயர்! "ஐயா, நான் அந்தச் சின்னா இல்லை, கவி எழுதுகிற சின்னா" என்று கதறுகிறான். அப்படியானால் மோசமான கவி எழுதியதற்காகக் கிழியுங்கள் என்கிறது கூட்டம். கிழித்தே விடுகிறது. பொய்க் கடிதத்தைச் சுமந்தவன் எங்கோ தப்பி விட்டான். அவன் பெயரைச் சுமந்தவன் செத்தான்.

அடுத்த காட்சியில் ஆண்டனி தன் கூட்டாளிகளுடன் உட்கார்ந்து, யார் யாரைக் கொல்வது என்று ஜாபிதா தயாரிக்கிறான். அதோடு, "அந்த உயிலைக் கொண்டு வாருங்கள், கொடுக்க வேண்டியதில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்போம்" என்கிற மாதிரி பேசுகிறான். இந்தப் பேச்சு நடக்கும்போது நாலு பேரில் ஒருவர்கூட அங்கே இல்லை.

புரூட்டஸைப் போன்ற உத்தமனும் ஏமாந்தான்; தெருவில் நின்றவனும் ஏமாந்தான். ஏமாற்றிய வித்தை ஒன்றேதான். ஆகவே, இனி யாராவது உங்களிடம் வந்து, "ஊரே சொல்கிறது" என்றால் கோபித்துக்கொள்ளாமல், "அப்படியா? சொன்னவர்கள் பெயரைச் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். ரோமாபுரியில் இதை ஒருவரும் கேட்கவில்லை!