தோழர் என்று அழைப்பது

தஞ்சைத் தரணியில் ஒரு காலத்தில் பண்ணையாள் மிராசுதாரை ‘ஆண்டே’ என்றார். அவருக்குத் திரும்பக் கிடைத்தது ‘அடே’. அந்த மண்ணில் ‘தோழர்’ என்ற விளி சாதாரணமாக வந்துவிடவில்லை. 1932 இறுதியில் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், மற்ற மரியாதை அடைமொழிகளை விட்டு எல்லோரையும் ‘தோழர்’ என்றே குறிக்கச் சொன்னார். பட்டுக்கோட்டை அழகிரி பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தின் பெரும் பேச்சாளர். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் விவசாயிகளைத் திரட்டியபோது, அதே சொல் களத்துமேட்டுக்கும் போனது. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்த கவிஞர் கல்யாணசுந்தரமும் அந்தத் தோழர்களில் ஒருவர்தான்.

உடன் வேலை செய்பவரை ‘தோழர்’ என்று அழைக்கலாம் என்றால், இது கட்சிக்காரர்களின் சொல்லாயிற்றே, வேலையிடத்தில் பொருந்துமா என்று சிலர் தயங்குகிறார்கள். ஆனால் கட்சிகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சிவனடியார் சுந்தரருக்குத் ‘தம்பிரான் தோழர்’ என்று பெயர். இறைவனோடே சமமாக நின்று பேசும் உரிமையை அந்தச் சொல் அவருக்குத் தந்தது. ‘தோழன்’ என்றால் நெருக்கம் மட்டும்தான். ‘தோழர்’ என்னும்போது மரியாதையும் சேர்கிறது, ஆண் பெண் இருவருக்கும் பொருந்துகிறது. ‘சார்’ என்பதில் மரியாதை உண்டு, சமத்துவம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல, உடன் வேலை செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான விளி தமிழில் எனக்குத் தெரியவில்லை. தொழிற்சங்கக் கூட்டங்களில் ஓட்டுநரும் நடத்துநரும் வயது பாராமல் இன்றும் இப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள்.