மானிட்டருக்கு எந்தக் கேபிள்?

கணினியின் படத்தை மானிட்டருக்கு டிஜிட்டலாகவே கொண்டுசெல்லும் இணைப்புகள் முக்கியமாக நான்கு. மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன புனேயின் தப்கீர் கல்லியில் கேபிள் வாங்கப் போகிறவர், முதலில் மானிட்டரின் பின்புறத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

1999இல் வந்த டிவிஐ அகலமானது. இருபுறமும் திருகு இருக்கும். பொதுவாக ஒலியைக் கடத்தாது. 2002இல் வந்த எச்டிஎம்ஐ, 19 ஊசிகளில் படத்தையும் ஒலியையும் சேர்த்தே அனுப்பும். 2006இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு 20 ஊசிகள். அதன் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். யூஎஸ்பி-சி எந்தப் பக்கமாகச் செருகினாலும் பொருந்தும். ஆனால் மடிக்கணினியில் அதன் வழியே படம் அனுப்பும் வசதி இருந்தால்தான் படம் வரும்.

டிவிஐ, எச்டிஎம்ஐ இரண்டும் படத்தை ஒரே முறையில் அனுப்புவதால் சாதாரண அடாப்டரே போதும். பழைய 15 ஊசி விஜிஏ அனலாக். அதற்குச் சிப் உள்ள கன்வெர்ட்டர் தேவை.