வெப்பத்தைத் தணிக்க எத்தனை பாடங்கள் வேண்டும்?

2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைத் தொட்டது. 1983ல் தெங்காவில் பதிவான உச்ச அளவுக்கு அது சமம். பருவநிலை மாற்றத்தால் உலகம் சூடாகி வருவது நமக்குத் தெரியும். ஆனால், நாம் உணரும் வெப்பத்தில் ஒரு பகுதியை நகரமே உண்டாக்குகிறது.

வெப்பத் தீவு

கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் சூரிய வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு, இரவில் மெல்ல வெளியிடுகின்றன. நெருங்கி நிற்கும் உயரமான கட்டடங்கள், அந்த வெப்பம் வானை நோக்கி எளிதில் தப்பவிடுவதில்லை. வாகனங்களும் குளிர்சாதனங்களும் தங்கள் பங்குக்கு வெப்பத்தைச் சேர்க்கின்றன. இதனால், சுற்றியுள்ள பசுமைப் பகுதிகளைவிட நகரம் சூடாக இருக்கிறது. இதுதான் 'நகர வெப்பத் தீவு'.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் நகருக்கும் அதன் புறப்பகுதிக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டை அளந்து எழுதினார் லூக் ஹாவர்ட். அவருடைய தொழில் மருந்து தயாரிப்பு!

சிங்கப்பூரிலும் இத்தகைய அளவீடு நடந்துள்ளது. 2006ல் வெளிவந்த சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு, ஆர்ச்சர்ட் ரோடு பகுதியை லிம் சூ காங்குடன் ஒப்பிட்டது. சூரியன் மறைந்து சில மணி நேரத்தில், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அதிகபட்சமாக ஏறத்தாழ 7 டிகிரி வரை போனது.

தீர்வே சிக்கலாகும்போது

சரி, எப்படித் தணிப்பது? ஒவ்வொரு பாடத்திடமும் ஒரு பதில் உண்டு. ஒவ்வொரு பதிலிலும் ஒரு சிக்கலும் உண்டு.

குளிர்சாதனத்தை எடுத்துக்கொள்வோம். அது அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. அது பயன்படுத்தும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகிறது. ஆகவே, அறையிலிருந்து எடுத்ததைவிட அதிக வெப்பம் தெருவுக்குப் போகிறது. உள்ளே இருப்பவர் குளிர்கிறார். வெளியே வேலை செய்பவரும் குளிர்சாதனம் வாங்க வசதியில்லாத முதியவரும் அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. இயற்பியலில் தொடங்கிய கேள்வி, பொருளியலுக்கும் நியாயத்துக்கும் வந்துவிட்டது.

மரம் நடலாமா? நிழல் கிடைக்கும், இலைகளிலிருந்து நீர் ஆவியாவதால் காற்றும் குளிரும். ஆனால், காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஈரப்பதம் கூடினால் வியர்வை உலர்வது தாமதமாகும். வெண்ணிறப் பூச்சு கூரைக்கு நல்லது. சுவரில் பூசினாலோ, பிரதிபலிக்கும் ஒளி தெருவில் நடப்பவர்கள்மீது விழக்கூடும்.

உடல் எதை உணர்கிறது?

மனித உடல் வெப்பமானியைப் போல இயங்குவதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். எனவே, 'ஈரக்குமிழ் கோள வெப்பநிலை' என்ற அளவு பயன்படுகிறது. வெயிலில் இதைக் கணக்கிடும்போது, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு 70 விழுக்காடும், கறுப்புக் கோளத்தினுள் உள்ள வெப்பமானிக்கு 20 விழுக்காடும், சாதாரண வெப்பநிலைக்கு 10 விழுக்காடும் இடம் தரப்படுகிறது. ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன.

இந்த எண்ணுக்கு நடைமுறையில் பெரிய மதிப்பு உண்டு. இது 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பில் ஈடுபடும் ஊழியர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். 33 டிகிரியில் 15 நிமிடம். மனிதவள அமைச்சு 2023ல் இந்த விதியை அறிவித்தது. அறிவியலும் மருத்துவமும் சட்டமும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் இது.

சேர்ந்து தேடும் பல்கலைக்கழகங்கள்

இதனால்தான் 2017ல் தொடங்கிய 'கூலிங் சிங்கப்பூர்' திட்டத்தில் சிங்கப்பூர்-இடிஎச் நிலையத்துடன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட அமைப்புகளும் கைகோத்தன. நகரத்தின் 'மின்னிலக்க இரட்டை' ஒன்றைக் கணினியில் உருவாக்கும் பணியும் அதன் தொடர்ச்சியாக அமைந்தது. ஒரு கட்டடமோ பூங்காவோ வந்தால் வெப்பம் எப்படி மாறும் என்பதை, கட்டுவதற்கு முன்பே அதில் சோதித்துப் பார்க்கலாம்.

பாடத்திட்டங்களும் மாறியுள்ளன. தேசியப் பல்கலைக்கழகத்தில் 2011ல் தொடங்கிய சுற்றுச்சூழல் பட்டப்படிப்பை அறிவியல் புலமும் கலை, சமூக அறிவியல் புலமும் இணைந்து வழங்கின. அதே பல்கலைக்கழகத்தில் 2019ல் திறக்கப்பட்ட ஒரு கட்டடமே பாடமாக நிற்கிறது. அதன் கூரையில் 1,200க்கும் மேற்பட்ட சூரியசக்தித் தகடுகள் உள்ளன. தனக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும்படி அது வடிவமைக்கப்பட்டது. அங்கே குளிர்சாதனக் காற்று வழக்கத்தைவிடக் குறைந்த குளிர்ச்சியுடன் வருகிறது. மின்விசிறி மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மனிதர்கள் எதை வசதியாக உணர்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பொறியாளர் இப்படி வடிவமைக்க முடியும்.

செய்து பாருங்கள்

ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் மூன்று இடங்களில் நிழலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: புளோக்கின் கீழ்த்தளம், கார் நிறுத்துமிடம், மரத்தடி. இரவு எட்டு மணிக்கு மீண்டும் அளவெடுங்கள். எந்த இடம் மெதுவாகக் குளிர்கிறது? ஏன்? அந்த இடத்தை அந்நேரத்தில் யார் பயன்படுத்துகிறார்கள்? முதல் கேள்விக்கு வெப்பமானி போதும். இரண்டாவதற்கு அறிவியல் பாடம் வேண்டும். மூன்றாவதற்கு அங்கிருப்பவர்களிடம் பேச வேண்டும். மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அங்கு மரம் வேண்டுமா, கூரை வேண்டுமா என்று சொல்ல முடியும்.