பெக்கியும் பேங்க் தாத்தாவும்

இந்த இதழுக்கு "யாரும் எழுதாத ஒருவரைப் பற்றி எழுது" என்றார் டீச்சர். அதனால் ஜார்ஜ் குவேல் என்பவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வாயில் நுழைய எனக்கே இரண்டு நாள் ஆச்சு.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல கடலில் மேன் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கு. 1751-ல் அங்கே பிறந்தார். அப்பா ஜான் குவேல், தீவின் அரசாங்க ஆவணங்களைக் காக்கும் பெரிய அதிகாரி. அம்மா மார்கரெட், கிறிஸ்டியன் என்ற பெரிய குடும்பத்துப் பெண். 'பவுன்டி' கப்பலில் 1789-ல் கலகம் செய்த பிளெட்சர் கிறிஸ்டியனும் அதே வம்சம்தான்.

அந்தக் காலத்தில் தீவில் வரி ரொம்பக் கம்மி. டீத்தூள், பிராந்தி எல்லாம் அங்கே வந்து இறங்கி, ராத்திரியோட ராத்திரியா இங்கிலாந்துக்குக் கள்ளத்தனமாகப் போகும். பொறுக்க முடியாமல் 1765-ல் பிரிட்டிஷ் அரசு 70,000 பவுண்டு கொடுத்து ஆட்சி உரிமையையே வாங்கிவிட்டது. அப்போ ஜார்ஜுக்கு என் வயசு, 14.

பெரியவர் ஆனதும் ஹவுஸ் ஆஃப் கீஸ் என்ற தீவின் சட்டசபையில் உறுப்பினர் ஆனார். 24 பேர் கொண்ட சபை. ஆனால் நம்ம ஊர் மாதிரி மக்கள் ஓட்டு எல்லாம் அப்போது கிடையாது. 1866-க்குப் பிறகுதான் தேர்தலே வந்தது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவருக்குப் படகுப் பைத்தியம். காசில்டவுன் என்ற ஊரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே படகுக் கொட்டகை கட்டினார். 1789-ல் செய்த படகின் பெயர் பெக்கி. மார்கரெட்டைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அது, அம்மா பெயர்! சுமார் 26 அடி நீளம், சின்னச் சின்னப் பீரங்கிகளும் உண்டு. படகின் அடியில் பலகைகளை இறக்கலாம், ஏற்றலாம். இறக்கினால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாது, ஆழம் குறைந்த இடத்தில் ஏற்றிக்கொண்டால் தரை தட்டாது. 1796-ல் கடலைத் தாண்டி, பிறகு தரை வழியாக இழுத்துப் போய், இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் போட்டிக்கு விட்டார்களாம். திரும்பும்போது கடல் கொந்தளித்தது. அந்தப் பலகைகளால்தான் படகு தாக்குப்பிடித்தது.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. 1802-ல் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பேங்க் ஆரம்பித்தார். நோட்டும் அடித்து வெளியிட்டார்கள். 1818-ல் அந்த பேங்க் மூடிப்போச்சு. ஆனால் அவர் ஓடி ஒளியவில்லை. சொந்தச் சொத்தை விற்று, கொடுக்கவேண்டிய பணத்தைக் கொடுத்தார்.

இதைப் படித்ததும் உடனே எங்க அம்மாகிட்ட ஓடினேன். எங்க அம்மா மாசம் 500 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் சீட்டு கட்டினாங்க. சீட்டு பிடித்தவர் ஒருநாள் வீட்டைப் பூட்டிட்டுப் போய்ட்டார். நான் குவேல் கதையைச் சொன்னேன். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே, "அந்தத் தாத்தா நம்ம ஊர்ல பொறந்திருக்கக் கூடாதா?" என்றாங்க. அப்புறம் சிரிச்சாங்க. ரொம்ப நாள் கழிச்சு அந்தச் சீட்டுப் பேச்சில் அம்மா சிரிச்சது அன்னைக்குத்தான்.

குவேல் 1835-ல் இறந்தார். பெக்கி கொட்டகையிலேயே சுவர் வைத்து அடைபட்டுக் கிடந்தது. நூறு வருஷம் கழித்து, 1935-ல்தான் வெளியே தெரிந்ததாம்! 1951 முதல் அந்தக் கொட்டகை ஓர் அருங்காட்சியகம். கடல் தண்ணீர் உள்ளே வந்ததால், 2015-ல் படகை மட்டும் கவனமாக வெளியே எடுத்துப் பழுது பார்க்கக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் நான் வரைந்திருப்பது பெக்கிதான். பாய்மரம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, மன்னிக்கவும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி