எண்ணும் கதையும் – 7: இருபத்திரண்டுக்குக் கீழே ஏழு

ராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தமாடப் போகிறவர்களுக்கு எண்ணிக்கைதான் வழிகாட்டி. அக்னி தீர்த்தக் கடலில் முழுக்குப் போட்டுவிட்டுச் சொட்டச் சொட்ட உள்ளே வந்தால், கிணற்று மேடையில் நிற்பவர் வாளியைக் கயிற்றோடு இறக்கி, வெடுக்கென்று இழுத்து, வரிசையாக நிற்பவர்கள் தலையில் ஊற்றுவார். "எட்டு ஆச்சா? ஒன்பது அந்தப் பக்கம்" என்று முன்னால் போகிறவர் திரும்பிக் குரல் கொடுப்பார். இருபத்திரண்டாவதான கோடி தீர்த்தத்தில் நனைந்த பிறகுதான் துணி மாற்ற இடம் தேடுவார்கள். ஏன் 22 என்று கேட்டால், ராமனின் அம்பறாத்தூணியில் இருந்த அம்புகளின் கணக்கு என்பார்கள்.

ராமநாதபுரம் பக்கம் திருப்புல்லாணிக்குப் போனால் இன்னொரு எண். இலங்கைக்குப் போகக் கடலரசன் வழிவிட வேண்டும் என்று ராமன் தர்ப்பைப் புல்லில் கிடந்த தலம் அது. கம்பன் கணக்கில் அந்தக் காத்திருப்பு 7 நாள்.

22, 7. பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்பளவு கண்டுபிடித்த எவருக்கும் கை பரபரக்கும். ஒன்றை மேலே போட்டு மற்றதைக் கீழே போட்டால் பை! சேதுக் கரையில் நம் முன்னோர் வட்டத்தின் ரகசியத்தைப் புதைத்து வைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுத இதற்கு மேல் என்ன வேண்டும்? அனுப்புவதற்கு முன்னால், இதே 22-ம் 7-ம் உட்கார்ந்திருக்கும் ஒரு நாவலையும் அதிலிருந்து வந்த படத்தையும் பார்த்துவிடுவோம்.

கனடா எழுத்தாளர் யான் மார்ட்டெல் 2001-இல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' மறு ஆண்டே புக்கர் பரிசு பெற்றது. ஆங் லீ அதை 2012-இல் படமாக்கினார். படத்துக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் உட்பட நான்கு ஆஸ்கர்கள் கிடைத்தன. நாயகன் பாண்டிச்சேரிப் பையன், பிஸின் மோலிட்டர் படேல். பாரிஸில் உள்ள ஒரு நீச்சல் குளத்தின் பெயரை வைத்திருந்தார்கள். அதைப் பையன்கள் மூத்திரத்தோடு சேர்த்துக் கேலி செய்ய, புதிய பள்ளியில் முதல் நாளே அவன் கரும்பலகைக்குப் போய்த் தன் பெயர் பை என்று எழுதி, 3.14 போட்டு, ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு விட்டமும் வரைகிறான். படத்தில் இந்தக் காட்சி வளர்ந்துவிடுகிறது: தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களை அவன் மனப்பாடமாக எழுதிக்கொண்டே போக, பலகை பலகையாக நிறைகிறது.

பிறகு கப்பல் கவிழ்கிறது. ஒரு படகு, ஒரு பையன், ஒரு புலி. கடலில் எத்தனை நாள்? 227. நாவலில் கப்பல் மூழ்கியது 1977 ஜூலை 2. மெக்சிகோவில் கரை ஒதுங்கியது 1978 பிப்ரவரி 14. காலண்டரை எடுத்து எண்ணினால் சரியாக 227 நாள். 22-ஐயும் 7-ஐயும் ஒட்டி எழுதினால் வரும் எண். பை என்று பெயர் வைத்துக்கொண்டவன் கடலில் 22/7 நாள் கிடந்திருக்கிறான்!

இதைத் தற்செயல் என்று தள்ள முடியாததற்கு நாவலிலேயே காரணம் இருக்கிறது. தன் கதையைக் கூட்டாமல் குறைக்காமல் நூறு அத்தியாயத்தில் சொல்ல முடியுமா என்று பை கேட்கிறான். தன் பட்டப்பெயரில் பிடிக்காத விஷயமே அந்த எண் முடியாமல் ஓடுவதுதான் என்றும் சொல்கிறான். புத்தகம் நூறாவது அத்தியாயத்தில் நின்றுவிடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணைப் பெயராகச் சுமப்பவன், முழு எண்ணில் முடிகிற கதைக்கு ஏங்குகிறான். அத்துடன், 22/7 உண்மையான பை அல்ல. அதைவிட ஒரு துளி கூடுதலான பின்னம், காரியத்துக்கு உதவும். விசாரிக்க வருகிறவர்களிடம் அவன் புலி உள்ள கதை, புலி இல்லாத கதை என்று இரண்டு சொல்லி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்பதும் இதே கணக்குத்தான். முழு உண்மை கைக்கு எட்டாதபோது வாழ உதவும் பின்னம் எது?

ஆனால் இந்த ருசி கண்டவர்கள் நிறுத்துவதில்லை. படம் ஓடுவது 127 நிமிடம். நாவலின் 100 அத்தியாயங்களைக் கூட்டினால் 227! ராமானுஜன் பை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1914-இல்; பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் 1914-இல்! இரண்டும் உண்மை, இரண்டுக்கும் ஒரு பொருளும் இல்லை. இது ஏழாவது வாரம் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

எப்படிப் பிரிப்பது? நான் வைத்திருக்கும் சோதனை எளியது: எண்ணை மாற்றிப் பாருங்கள், எது குலைகிறது?

கிஷ்கிந்தா காண்டத்தில் ராமன் ஒரே அம்பால் மராமரம் ஏழையும் துளைக்கிறான். அம்பு கீழேழு உலகையும் துளைத்து, துளைக்க வேறு ஏழு அகப்படாமல் திரும்பியது என்கிறான் கம்பன். அதோடு விடவில்லை. ஏழு கடல், மேலேழு உலகம், ஏழு மலை, ஏழு முனிவர், சூரியன் தேரின் ஏழு குதிரை, ஏழு கன்னியர் என ஏழாக இருந்தவை எல்லாம் அடுத்தது நாம்தானோ என்று நடுங்கினவாம். மரத்தை எட்டாக்கினால் அந்தக் கவிதையே இல்லை. 227-ஐ 231 ஆக்கினால் புலி அப்படியே இருக்கும். பெயரோடு உள்ள பிணைப்பு அறுந்துவிடும். இரண்டிலும் வைத்த கை தெரிகிறது.

திருப்புல்லாணி 7 நாளுக்கு வருவோம். வால்மீகி அங்கே சொல்வது மூன்று இரவுதான். அதன் பிறகு கடலில் அணை கட்ட அவர் கணக்கில் ஐந்து நாள். நாளுக்கு 14, 20, 21, 22, 23 யோசனை என்று மேஸ்திரி கணக்கே கொடுத்து நூறாக முடிக்கிறார். கம்பன் காத்திருப்பை ஏழாக நீட்டி, கட்டுமானத்தை மூன்று நாளில் முடித்துவிடுகிறான். கெஞ்சிய நேரம் நீளம், வேலை நடந்த நேரம் குறைவு: ராமன் ஏன் கடலரசன் மேல் வில்லை எடுத்தான் என்பதற்கு அந்த நீட்டல் போதும். கம்பன் கூட்டியது கோபத்துக்கான நாள். அதில் வட்டமும் இல்லை, விட்டமும் இல்லை.

ராமேஸ்வரத்து 22 வேறு வகை. அது எந்தக் கதாசிரியனும் ஒளித்து வைத்த எண் அல்ல. இருபத்தொன்றோடு நிறுத்தினால் வரிசையில் நிற்கும் பாட்டியே சண்டைக்கு வருவாள். ஈரத் துணியோடு ஓடி ஓடி எண்ணிய கால்கள் காப்பாற்றும் எண் அது. அம்புக் கணக்கு அதற்குப் பொருள் சொல்கிறது. நடையோ பொருள் கேட்காமலே நடக்கிறது. கோயிலின் 22-ஐயும் காவியத்தின் 7-ஐயும் ஒரே பின்னமாக்க ஒரே கை வேண்டும். மார்ட்டெல் நாவலில் அந்தக் கை உண்டு. சேதுக் கரையில் அது நம்முடைய கை. ஆகவே அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடலாம்.

அடுத்த வாரம்: தேவிபட்டினம் கடலுக்குள் நிற்கும் 9 கல். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற எண்ணில் ஒளிக்க என்ன இருக்கிறது?